தூய்புகை வாரியமும் ஏசுஅடிமையின் மீன்வண்டியும்

புகை என்றாலே கெட்டது என்றுதான் உலகம் நினைத்துக்கொண்டிருந்தது. அதில் நல்ல புகை, கெட்ட புகை என்று இரண்டு சாதி உண்டு என்று கண்டுபிடித்துச் சொன்னது தூய்புகை வாரியம். நாகர்கோவிலில் ஒரு மாடிக் கட்டடத்தின் மேல்தளத்தில் அது குடியிருந்தது. கீழ்த்தளத்தில் முட்டை மொத்த வியாபாரம். வாரியத்துக்கு ஒரு மாவட்ட அலுவலர் உண்டு, பெயர் தாணுமாலயன். அலுவலருக்கு ஒரு ஜீப் உண்டு. அந்த ஜீப்பைக் கிளப்பும்போதெல்லாம் முட்டைக் கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டு, புகை அடங்கியதும் ஏற்றுவார். அது அரசாங்கப் புகை, ஆகவே கணக்கில் வராது.

கீழக்கல்துறை ஏசுஅடிமை அந்த மாடிப்படியில் முதன்முதலாகக் கால் வைத்தது 2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில். அவனுக்கு மீன் ஏற்றும் வேலை. விடியும் முன்பே துறைமுகத்தில் சிலுவை என்ற கமிஷன் வியாபாரியின் மீன்பெட்டிகளை ஐஸோடு பிக்கப்பில் ஏற்றி, மார்த்தாண்டம், களியக்காவிளை வழியாக எல்லை தாண்டி ஒரு சந்தையில் இறக்கவேண்டும். ஏலம் தொடங்குவதற்குள் போய்ச் சேர்ந்தால் மறுநாளும் ஓட்டம். பிந்தினால் நாற்றம். நாலு நாள் பிந்துகிறவனுக்குச் சிலுவை மட்டுமல்ல, சிலுவையில் அறையுண்டவரே வந்து சொன்னாலும் மறுபடி லோடு கிடைக்காது. வீட்டில் வேகிற சோறு, மனைவி வியாகுலம்மாள் கட்டுகிற சீட்டு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் அந்த ஒரு ஓட்டத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தன.

அவனுடைய பழைய வண்டி கறுப்பாகப் புகைவிடும். ஆனால் ஓடும். வாரியத்தின் ஆட்கள் அதன் குழாய்க்குள் ஒரு கம்பியை விட்டுப் பார்த்துவிட்டு, இது வண்டி அல்ல, சூளை என்றார்கள். ஒன்று இதை ஓட்டாதே, அல்லது வாரியம் பரிந்துரைக்கும் கம்பெனியில் இதைக் கொடுத்துவிட்டுப் புதிதை எடு என்றார்கள். பத்து வருடம் சோறு போட்ட வண்டியைக் கொடுத்துவிட்டு, வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டான் ஏசுஅடிமை. மடியில் விட்டுக்கொள்வதற்கு அன்று விழாவும் நடந்தது.

பந்தல் போட்டிருந்தார்கள். தெர்மாகோலில் செய்த ஆள் உயரச் சாவி ஒன்றை அவன் கையில் கொடுத்துப் படமெடுத்தார்கள். பிறகு தாணுமாலயன் பேசினார்.

"பெரியோர்களே, சட்டம் இன்னும் வரவில்லை. ஆனால் அந்தச் சட்டத்துக்கு இந்த வண்டி இப்போதே கட்டுப்படுகிறது. இதன் புகைக்குழாயில் ஒரு வெள்ளைக் கைக்குட்டையைக் கட்டிவிட்டு, மாலையில் அவிழ்த்து முகம் துடைத்துக்கொள்ளலாம். நான் துடைத்ததில்லை. ஆனால் துடைத்தவருடைய அறிக்கையை வாசித்திருக்கிறேன். ஒரு லிட்டர் டீசலுக்குப் பதினாறு கிலோமீட்டர் ஓடும். புகையும் குறையும், செலவும் குறையும். குறைப்பதுதான் எங்கள் வாரியத்தின் நோக்கம். எதை என்று கேட்கக் கூடாது."

எல்லாரும் கைதட்டினார்கள். ஊருக்கு வந்ததும் பங்குச்சாமியார் வண்டியை மந்திரித்தார். முன்பக்கம் தீர்த்தம் தெளித்தவர் பின்னால் போய்க் குனிந்து பார்த்தார். குழாய்க்கு நடுவே இரண்டு பெரிய டப்பாக்களும் கூட்டமாக ஒயர்களும் தொங்குவதைக் கண்டு, அங்கேயும் ஒரு கை அள்ளித் தெளித்தார். அன்றைக்கு வண்டியைப் புரிந்துகொண்டு காரியம் செய்தவர் அவர் ஒருவர்தான்.

பதினாறு வரவில்லை. ஒன்பது வந்தது. பழைய சூளையே பதினொன்று கொடுத்துக்கொண்டிருந்தது. ஏசுஅடிமை கம்பெனியின் சேவை மையத்துக்குப் போனான். அங்கே மேலாளர் தேவகுமார், கழுத்துப் பட்டையும் குளிர்சாதன அறையுமாக இருந்தார். கணினியில் எதையோ தட்டிவிட்டு, வண்டியில் லோடு ஏற்றுகிறீர்களா என்று கேட்டார்.

"மீன் வண்டில்லா சார். மீனு ஏத்தாம பின்ன மல்லிப்பூவா ஏத்துவேன்?"

தேவகுமார் பொறுமையாக விளக்கினார். பதினாறு என்பது உண்மைதான். ஆனால் அது தரமான சூழ்நிலையில் எடுத்த கணக்கு. மேடுபள்ளம் இல்லாத தனிப்பாதை, காற்று வீசாத காலை நேரம், ஏற்றிய கண்ணாடி, சரக்கு இல்லாத பெட்டி, காலைச் சாப்பாடு சாப்பிடாத டிரைவர். இந்தச் சூழ்நிலையை நீங்கள் ஏற்படுத்திக்கொண்டால் வண்டி பதினாறு கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறது என்றார். கடைசியில் முத்திரை போட்டு ஒரு தாளும் தந்தார். வாகனத்தில் குறை ஏதும் இல்லை, சரக்கே குறை என்று அதில் எழுதியிருந்தது.

ஒன்பதோடு காலம் தள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்ட நேரத்தில் ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. கையேட்டை விரித்தான். கம்பெனிக்காரர்கள் பெரிய மனது பண்ணித் தமிழிலும் போட்டிருந்தார்கள். 'மஞ்சள் விளக்கு எரிந்தால் உங்கள் வாகனத்துக்கு மறுபிறப்பு தேவை' என்றிருந்தது. கிறிஸ்தவனுக்கு ஏது மறுபிறப்பு? ஏசுஅடிமை பங்குச்சாமியாரிடமே போய்க் கேட்டான். நம்முடைய திருச்சபையில் மறுபிறப்பு கிடையாது, கடைசி நாளில் உயிர்த்தெழுதல்தான், அதுவும் வண்டிக்கு உண்டா என்று வேதத்தில் இல்லை என்று அவர் கைவிரித்தார்.

தேவகுமார்தான் மர்மத்தை உடைத்தார். ஆங்கிலத்தில் ரீஜெனரேஷன் என்றிருந்ததுதான் தமிழில் மறுபிறப்பாகியிருந்தது. புகைக்குழாயில் ஒரு வடிகட்டி இருக்கிறது. புகையில் வரும் கரி அதில் சேரும். சேர்ந்ததை அவ்வப்போது எரித்துவிடவேண்டும். அதற்கு வண்டியை அறுபதுக்குமேல் வேகத்தில், பிரேக் தொடாமல், எங்கும் நிற்காமல், அரைமணி நேரம் ஓட்டினால் போதும்.

ஏசுஅடிமை தான் தினமும் போகிற வழியை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தான். இந்த மாவட்டத்தில் ஒரு ஊர் எங்கே முடிந்து அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்பது பஞ்சாயத்துக்காரனுக்கே தெரியாது. பள்ளிக்கூடம், வேகத்தடை, கல்யாண மண்டபம், கொடியேற்றம், பின்னால் பார்க்காமல் சாயாக்கடையிலிருந்து வண்டியை எடுக்கிறவன். இவை போதாதென்று முக்குக்கு முக்கு குருசடி என்கிற சின்னச் சிலுவைக் கோயில். கடற்கரைக்காரன் குருசடியைத் தாண்டும்போது நெற்றியில் கை வைத்துச் சிலுவை போட்டுக்கொள்வான். கை நெற்றிக்குப் போனால் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். அது பிறவிப் பழக்கம். அதை மாற்றிவிட எந்த ஓட்டுநர் பள்ளியாலும் முடியாது.

வண்டிக்குள் இருந்த கணினியோ எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தது. தேவகுமார் அதை அச்செடுத்துப் பார்த்து, இந்தந்த இடங்களில் தினமும் வேகம் குறைகிறதே, அங்கெல்லாம் என்ன வேலை என்று விசாரித்தார்.

"இது அந்தோணியாரு சார். இது சவேரியாரு. அந்த வளைவுல சகாய மாதா. அங்கன எல்லாம் பைய போனாத்தான் மனசுக்கு ஒரு இது."

தேவகுமார் தலையாட்டிவிட்டு, வழியில் அறிமுகமான நபர்களுக்காக வாகனத்தின் வேகம் குறைக்கப்படுகிறது என்று பதிவு செய்தார். அதனால் ஏற்படும் பழுதுக்குக் கம்பெனி உத்தரவாதம் செல்லாது.

கரி சேரச் சேர வண்டி மூச்சு வாங்கியது. மார்த்தாண்டம் ஏற்றத்தில் மரச்சீனிக் கிழங்கு ஏற்றிய ஆட்டோ ஒன்று ஒலியெழுப்பி அவனை முந்திப் போயிற்று. அன்றைக்கு ஏலம் தொடங்கியபின்தான் சந்தையில் நுழைந்தான். மறுநாள் துறைமுகத்தில் சிலுவை ஒரு விரலை மடக்கி, ஒரு நாள் ஆயிற்று என்று எண்ணிக் காட்டினான்.

வாரியம் வழி சொல்லிற்று. ஆரல்வாய்மொழி தாண்டிக் காவல்கிணறு போய்விட்டால் நாலுவழிச்சாலை. அதில் ஆளும் கிடையாது, அந்தோணியாரும் கிடையாது. அங்கே போய் எரித்துவிட்டு வாருங்கள் என்றார் தாணுமாலயன். ஆகவே ஏசுஅடிமை மேற்கே போய் மீனை இறக்கிவிட்டு வந்து, குளித்துச் சாப்பிட்டு, காலிப் பெட்டியோடு கிழக்கே கிளம்பி, காற்றாலைகளுக்கு நடுவே கரியை எரித்துவிட்டுத் திரும்பினான். சில நாள் வியாகுலம்மாளும் கூடப் போனாள். வண்டி வேகம் பிடித்ததும் அவள் செபமாலையைத் தொடங்குவாள். பிதாவே என்று தொடங்கி கடைசி ஆமென் வருவதற்குள் மஞ்சள் விளக்கு அணைந்துவிடும். மாதா செய்த புதுமை என்று அவள் முதலில் நம்பினாள். டீசல் காசைக் கேட்டபிறகு நம்பிக்கை கொஞ்சம் தளர்ந்தது.

"மீனு மேற்க போவுது, புகை கிழக்க போவுது" என்றாள் திரும்பி வரும்போது. "நமக்குச் சோறு எந்தப் பக்கமா வரும்?"

சோறு வரவில்லை. ஆனால் வாரியத்திடமிருந்து ஒரு பாராட்டு வந்தது. காலி வண்டி நல்ல சாலையில் நிற்காமல் ஓடியதில் சராசரிக் கணக்கு பன்னிரண்டைத் தொட்டிருந்தது. எரிபொருள் சிக்கனத்தில் முன்மாதிரியான ஓட்டுநர் என்று எழுதியிருந்தார்கள். லிட்டருக்கு ஓடுவது கூடியிருந்தது, வாங்குகிற லிட்டரும் ஏறக்குறைய இரட்டித்திருந்தது. இரண்டாவது விஷயம் வாரியத்தின் அதிகார எல்லைக்குள் வரவில்லை.

இத்தனைக்கும் வடிகட்டி பாதி கதைதான். புகையில் கண்ணுக்குத் தெரியாத விஷம் ஒன்று உண்டாம். அதை முறிக்க ஒரு திரவம் ஊற்றவேண்டும். அதற்கென்று நீலமூடி போட்ட தனித்தொட்டி. திரவம் தீர்ந்தால் வண்டி கிளம்பாது, சாவியைத் திருகித் திருகிக் கைதான் நோகும். தண்ணீரில் யூரியா கலந்த அந்தத் திரவத்துக்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் இருந்தது. டிரைவர்கள் சுருக்கமாக மருந்து என்றார்கள். தேவகுமாரும் பட்டையைத் தளர்த்திப் பேசுகிற நேரங்களில் "மருந்து ஊத்தியாச்சா?" என்றுதான் கேட்பார்.

மருந்து என்பது நம்முடைய ஊரில் அகலமான சொல். இருமலுக்குக் குடிப்பது மருந்து, தென்னையில் வண்டுக்கு வைப்பது மருந்து, திருவிழா வெடிக்குள் அடைப்பதும் மருந்து. செத்த மீனை ஒரு வாரம் கண் மூடாமல் வைத்திருக்க அடிக்கிறார்களே, அதுவும் மருந்துதான். அந்த வருடம் அந்தக் கடைசி மருந்துதான் எல்லாப் பத்திரிகையிலும் அடிபட்டது. எல்லைக்கு அப்பால் சோதனைச் சாவடியில் மீன்வண்டிகளை மறித்து முகர்ந்து பார்க்கத் தொடங்கினார்கள். ஏசுஅடிமைக்கு அதில் பயம் இல்லை. அவனுடைய மீன் முந்தைய நாள் கடலில் நீந்திய மீன்.

அன்று காலை ஒரு அதிகாரி டிரைவர் இருக்கைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். வெள்ளைக் கேன் ஒன்று இருந்தது.

"எந்தாடோ இது?"

"மருந்து, சாறே" என்றான் ஏசுஅடிமை.

உண்மை பேசுகிறவனுக்கு ஊரெல்லாம் பகை என்பார்கள். ஏசுஅடிமைக்கு அது ஒரே சொல்லில் வந்து சேர்ந்தது. சாயா குடித்துக்கொண்டிருந்த காவலர் கிளாஸைக் கீழே வைத்தார். இன்னொருவர் கைபேசியை எடுத்துப் படம்பிடிக்கத் தொடங்கினார். மீனுக்கு இல்லை, வண்டிக்கு, வண்டியிலும் எஞ்சினுக்கு இல்லை, புகைக்கு என்று அவன் விளக்க விளக்க, குற்றவாளி குழப்பி விடுகிறான் என்று அவர்களுக்கு உறுதிப்பட்டது. அதிகாரி கேனில் இருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"யூரியா. வண்டிக்கு எந்தினா யூரியா? வண்டி எந்தா, வாழையோ?"

மீனைச் சோதித்தார்கள். ஒன்றும் இல்லை. சோதித்தவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. ஆனாலும் சட்டம் இருக்கிறது. மீன் ஏற்றும் வண்டியில் ரசாயனம் இருக்கக்கூடாது. கேனைக் கொட்டினார்கள். நீலமூடியைத் திறந்து தொட்டியையும் வடித்தார்கள். அதை வடித்தால் வண்டி கிளம்பாது என்று ஏசுஅடிமை கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். வண்டி கிளம்புவதும் கிளம்பாததும் தங்கள் துறை அல்ல, தங்கள் துறை மீன் என்றார் அதிகாரி. பிறகு, நீ போகலாம் என்று அனுமதி கொடுத்தார்.

சாவியைத் திருகினான். வண்டி தான் படித்த சட்டத்துக்குக் கட்டுப்பட்டு அசையாமல் நின்றது.

தேவகுமாரைப் போனில் பிடித்தான். மருந்து இல்லாமல் அந்த வண்டியை நகர்த்துவது தவறு, நகர்த்திவிடாதீர்கள் என்றார் அவர்.

"நகரவே இல்லயே சார்."

"அப்போ நீங்க சரியாத்தான் இருக்கீங்க" என்று பாராட்டிவிட்டுத் தேவகுமார் வைத்துவிட்டார்.

களியக்காவிளைக்கு நடந்துபோய் ஒரு கேன் வாங்கி வந்தான். மருந்தோடு மீன்வண்டியை நெருங்கக்கூடாது என்று காவலர் தடுத்தார். மீனை வேறு வண்டிக்கு மாற்றித் தாருங்கள், வண்டி கிடந்து போகட்டும் என்றான். வண்டி வழியை மறித்துக்கொண்டு நின்றதால் இதற்குள் இன்னொரு வழக்கு பதிவாகியிருந்தது. இரண்டு வழக்கில் சிக்கிய வண்டியின் சரக்கைத் தொட மேலதிகாரி வரவேண்டும். மேலதிகாரி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வருவார். நல்ல வெயில். பெட்டிகளின் அடியிலிருந்து ஐஸ் தண்ணீர் முதலில் தெளிவாகவும், பிறகு சிவப்பாகவும் ஒழுகிற்று. ஏசுஅடிமை அதன் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டேயிருந்தான். கட்டின பெண்டாட்டி முன்னால்கூட அழாதவனுக்கு அன்றைக்குக் கண் நிறைந்தது.

மேலதிகாரி வந்து பெட்டியைத் திறந்ததும் மூக்கைப் பொத்தினார். மீன் கெட்டுப்போயிருந்தது. வழக்கு இப்போது ஒழுங்காகக் கூடிவந்தது. மருந்து வைத்திருந்ததை ஓட்டுநரே ஒப்புக்கொண்டார் என்று மேலே ஒரு வரி. மீன் அழுகியிருந்தது என்று கீழே ஒரு வரி. நடுவில் கழிந்த பகலைப் பற்றி எழுத அந்தத் தாளில் இடம் இல்லை. வண்டியைக் கட்டி இழுத்துக் கொண்டுபோய் ஒரு வளாகத்தில் போட்டார்கள்.

சிலுவை ஏசவில்லை. ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். "எனக்க மீனு உனக்காச்சுட்டி காத்து நிக்காது மக்கா" என்று தோளில் கை வைத்துச் சொல்லிவிட்டு, ஓட்டத்தை வேறொருவனுக்குக் கொடுத்தான்.

ஏசுஅடிமை வாரியத்தின் படி ஏறினான். அந்தத் திரவம் வண்டிக்கானது என்று ஒற்றை வரி எழுதித் தந்தால் போதும், எல்லையில் காட்டி வண்டியை மீட்டுவிடுவேன் என்றான். தாணுமாலயன் பேனாவைத் திறந்து மறுபடி மூடினார். அது வண்டிக்கானது என்று தான் எழுதினால், மீனுக்கானது அல்ல என்று எழுதியதாக ஆகும். மீனைப் பற்றிக் கருத்துச் சொல்லத் தனக்கு அதிகாரம் இல்லை. ஆனாலும் ஏழைக்கு இரங்கி, வாரியமும் எல்லையில் மீன் சோதித்த துறையும் சேர்ந்த கூட்டம் ஒன்றைக் கூட்டினார். முந்திரிப்பருப்பும் காப்பியும் வந்தன. கூட்டத்தின் முடிவைத் தாணுமாலயனே எழுந்து நின்று வாசித்தார்.

"இரண்டு துறைகளுக்கும் முரண்பாடு இருப்பதாகச் சிலர் வதந்தி பரப்புகிறார்கள். முரண்பாடு எதுவும் இல்லை. மருந்து இல்லாமல் வண்டி ஓடக்கூடாது. இது எங்கள் நிலைப்பாடு. மருந்தோடு மீன் போகக்கூடாது. இது அவர்கள் நிலைப்பாடு. ஆகவே மீன் இல்லாமல் வண்டி தாராளமாக ஓடலாம். வண்டி இல்லாமல் மீன் தாராளமாகப் போகலாம். இதைப் பயனாளியிடம் எடுத்துச் சொன்னோம். அவரும் மௌனமாக ஏற்றுக்கொண்டார்."

முந்திரிப்பருப்புத் தட்டு பயனாளியின் பக்கம் வரவில்லை.

அடுத்த வருடம் ஜூன் மாதம் சுற்றுச்சூழல் நாள் வந்தது. மாவட்டத்திலேயே குறைவாகப் புகைவிடும் வண்டிக்குப் பரிசு கொடுப்பதென்று வாரியம் முடிவெடுத்தது. தன் பதிவில் உள்ள எல்லா வண்டிகளையும் அளந்தது. எல்லைக்கு அப்பால் வளாகத்தில் கிடந்த ஏசுஅடிமையின் வண்டியையும் விடவில்லை. சக்கரத்தைச் சுற்றிப் புல் வளர்ந்திருந்தது. குழாய்க்குள் கம்பியை விட்டார்கள். பூச்சியம். கருவியில் பழுதோ என்று சந்தேகப்பட்டு மறுபடி விட்டார்கள். மறுபடியும் பூச்சியம். அப்படியொரு அளவை வாரியம் அதன் வரலாற்றிலேயே கண்டதில்லை.

கோட்டாற்றில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. மேற்குக் கடலில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டதால் துறைமுகத்தில் சுமடு தூக்குகிற வேலையும் ஏசுஅடிமைக்கு இல்லாமல் போயிருந்தது. மேடையில் வைத்து நாலுபேர் முன்னால் கேட்டால் வண்டியை விட்டுத் தருவார்கள் என்று வியாகுலம்மாள் சொன்னாள். இரவல் வாங்கிய வெள்ளைச் சட்டையில் போனான். தாணுமாலயன் சால்வை போர்த்தினார். இந்த வண்டி ஒரு வருடமாக எவ்வளவு டீசல் குடித்தது என்று ஒலிபெருக்கியில் கேட்டார். ஒரு சொட்டுக்கூட இல்லை என்றான் ஏசுஅடிமை. மண்டபம் கைதட்டிற்று. புகையும் இல்லை, செலவும் இல்லை, சாவி கொடுத்த விழாவில் நான் கொடுத்த இரண்டு வாக்கும் நிறைவேறிவிட்டன என்று தாணுமாலயன் குரல் தழுதழுக்கச் சொன்னார். பிறகு ஒலிபெருக்கியை அவன் கையில் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்.

வண்டியைக் கேட்கத்தான் வாயெடுத்தான். எதிரே வரிசையாக உட்கார்ந்திருந்த முகங்களைப் பார்த்தான். தொண்டையில் இருந்தது வேறாக வெளியே வந்தது.

"வண்டியில மட்டும் இல்ல சார். எனக்க வீட்டு அடுப்புலயும் இப்பம் புகை இல்ல. நீங்க வந்து அளந்து பாக்கலாம்."

தாணுமாலயன் கண்கள் கலங்கிவிட்டன. ஒரு சாதாரணக் குடிமகன் வாரியத்தின் கொள்கையைத் தன் வீட்டுக்குள்ளேயும் கொண்டுபோய்விட்டான் என்று அறிவித்தார். இதற்கென்று இதுவரை விருது இல்லை, ஆகவே இந்த மேடையிலேயே ஒன்றை ஏற்படுத்துகிறேன் என்றார். முன்வரிசை எழுந்து நின்று கைதட்டிற்று. ஏசுஅடிமையும், வேறு என்ன செய்வதென்று தெரியாமல், கைதட்டினான்.

மறுவாரம் கீழக்கல்துறைக்கு வாரியத்தின் ஊழியர் ஒருவர் வந்தார். 'புகையில்லா இல்லம்' என்று பச்சை எழுத்தில் எழுதிய தகரப் பலகையை வாசல் நிலைக்கு மேல் வைத்து ஆணி அடித்தார். ஏசுஅடிமை வீட்டில் இல்லை. லாரியில் மரம் ஏற்றுகிற வேலை இருக்கிறதென்று யாரோ சொன்னதைக் கேட்டுப் போயிருந்தான். வெயிலில் வேர்த்துப்போன ஊழியர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, ஒரு கட்டன்சாயா கிடைக்குமா என்று வியாகுலம்மாளிடம் கேட்டார்.

அவள் பலகையை நிமிர்ந்து பார்த்தாள்.

"அடுப்பு பத்தவச்சா நீரு அடிச்ச பலகை பொய்யாப் போவுமே மக்கா" என்றாள்.

அதுவும் சரிதான் என்று அவருக்குப் பட்டது. பச்சைத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, பலகை காற்றில் ஆடாமல் இருக்க இன்னொரு ஆணியும் அடித்துவிட்டுப் போனார்.